ரெண்டு விரல் கண்ணி

"மாமா! கையை எடுங்க!"

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லை. அப்படியே மணலில் சாய்த்துவிட்டு நந்தினி ஓடினாள். ஐஸ் கொட்டகைக்குள்ளே பாலிஷிங் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. பச்சைமுத்து அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அலையில் படகு தள்ளுகிறவர் மாதிரி காலை அகட்டி நின்றிருந்தார். மெஷினின் முனையில் கம்பளி பேட் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றியது. அதற்கும் கறுப்புக் காரின் பானெட்டுக்கும் நடுவே ஒரு சாண்.

அரைச் சாண்.

கத்தினால் அவர் காதில் விழாது. நந்தினி சுவரோரம் பாய்ந்து ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் கையோடு வந்தது. மெஷின் பெருமூச்சு விட்டு அடங்கியது. கம்பளி கடைசிச் சுற்றில் பானெட்டைப் பூனை மாதிரி உரசிவிட்டு நின்றது.

"இன்னா மருமவளே, கரண்டைப் புடுங்கிட்டே? உதவி பண்ணலாம்னு எடுத்தா..."

"உதவியா? இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தீங்கன்னா அந்த ஓரத்துல பெயின்டே இருந்திருக்காது. தகரம் பல்லை இளிச்சிருக்கும்."

பச்சைமுத்து அவள் மாமனாரின் தம்பி. படகு எஞ்சின் எதுவானாலும் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர். அதனாலேயே உலகத்தில் சுற்றுகிற எல்லாமே தனக்குப் பணியும் என்று நினைப்பவர்.

"நான் ஏன் எடுத்தேன்னு கேளு முதல்ல," என்றார் அவர், குரலை இறக்கி. "அந்த அணியத்தைப் பாரு."

படகின் முன்மூக்குக்கு அணியம் என்று பெயர். அவருக்குக் காரின் பானெட்டும் அணியம்தான்.

நந்தினி டார்ச்சை எடுத்து அடித்தாள். அடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பானெட் முழுக்கக் கீறல்.

சும்மா கீறல் இல்லை. சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரிவரியாக, ஒரே இடைவெளியில், இப்படிப் போய் அப்படித் திரும்பி, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகக் கீறல். பானெட்டில் இருந்தது. அதன் இரண்டு பக்கத்திலும் முன்சக்கரத்துக்கு மேலே வளையும் தகடுகளிலும் இருந்தது. அதற்குப் பின்னால் கார் சுத்தம்.

காலை எட்டரைக்கு இது இல்லை. சத்தியமாக இல்லை. வண்டியை வாங்கும்போது இதே டார்ச்சை அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள்.

மணி பத்து ஐம்பது. கார் நாலு மணிக்குப் போக வேண்டும்.

* * *

விஷயம் இதுதான். நந்தினி மீஞ்சூரில் ஒரு கார் பாலிஷ் கடையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். போன மாதம் நின்றுவிட்டாள். சொந்த ஊரில், பழவேற்காட்டில், மூடிக் கிடந்த ஐஸ் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து வெள்ளையடித்து விளக்குப் போட்டாள். "மீன் கவிச்சியில எவன் கார் கொண்டாந்து விடுவான்? மூணு மாசத்துல திரும்பி வருவே, பாரு," என்று பழைய முதலாளி சிரித்தார். சிரித்தது இன்னும் காதில் இருந்தது.

கொண்டு வந்து விட்டார் ஒருவர். பல் டாக்டர் விஜயராகவன். வியாழக்கிழமைதோறும் மெட்ராஸிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக் வைத்துப் பார்க்கிறவர். அளந்து பேசுவார். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு, "பளபளன்னு இருந்தா போதும்மா, வேற ஒண்ணும் வேணாம்," என்றார். போகாமல் அரை நிமிஷம் பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போனார்.

கடையின் முதல் கார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பல் காட்டுகிறார்கள். "அந்தப் பொண்ணு கிட்ட விட்டேன், கீறிக் குடுத்துச்சு," என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரெண்டாவது கார் வராது. கொட்டகை மறுபடி ஐஸுக்குப் போய்விடும், நந்தினி மறுபடி மீஞ்சூருக்குப் போக வேண்டும். சிரித்தவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

வண்டியை நுரை போட்டுக் கழுவி, சொட்டச் சொட்ட நிழலில் விட்டுவிட்டு, புது பேட் பார்சலை எடுக்க மீஞ்சூர் கூரியர் ஆபீசுக்குப் பறந்தாள். போகும்போது மாமியாரிடம், "அத்தே, வண்டியைப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பாத்துக்கொண்ட லட்சணம் இது.

"அத்தே!"

கஸ்தூரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "இன்னாத்துக்குடி கூவுறே?"

"காரை யாரு தேச்சது?"

"நான் இன்னாத்துக்குத் தேய்க்கப் போறேன்? எனக்குத் தேய்க்கிறதுக்கு சட்டி பானை இல்லியா?"

"இது வலை அத்தே. வலையைச் சுருட்டித் தேச்சிருக்காங்க. முடிச்சு பட்டுப் பட்டுக் கோடு போட்டிருக்கு, பாருங்க."

அந்த ஊரில் இதைச் சொல்லி விளங்க வைக்க வேண்டியதில்லை. கிழிந்த நைலான் வலையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. துண்டு துண்டாக வெட்டிச் சட்டி தேய்ப்பார்கள், படகு தேய்ப்பார்கள், வேண்டாதவன் முதுகு அகப்பட்டால் அதையும் தேய்ப்பார்கள். ஈரமாக ஒரு கார் நிற்கிறது. யாரோ ஒரு நல்ல மனுஷன், ஐயோ பாவம், துடைத்து வைப்போம் என்று வலையை எடுத்திருக்கிறான்.

"எந்தக் கிறுக்கன்னு தெரியணும்," என்றாள் நந்தினி. "எதுல தேச்சான், மணல் போட்டானா, சாம்பல் போட்டானான்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்து போடறதுன்னு முடிவு பண்ண முடியும்."

கஸ்தூரியம்மாள் விறுக்கென்று உள்ளே போனாள். திரும்பி வந்து தன் சட்டி தேய்க்கும் வலைத் துண்டைக் கார் மேல் எறியப் போனாள். நந்தினி பாதியில் தாவிப் பிடித்தாள்.

"பாத்துக்கோ! இறால் வலை. கண்ணியில சுண்டு விரல் நொழையாது. உன் காருல இருக்கிற கோட்டை அளந்து பாரு. நான் பண்ணேன்னா என் கையை ஒடை."

நந்தினி அளந்தாள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் சேர்த்துப் படுத்தது. அச்சுப் பிசகாமல் எல்லா இடத்திலும் இரண்டு விரல்.

இருவரும் ஒரே நேரத்தில் பச்சைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க? எங்கிட்ட இருக்கிறது நண்டு வலை. நாலு விரல் கண்ணி." அவர் இடுப்பிலிருந்தே ஒரு துண்டை உருவிக் காட்டினார். "ரெண்டு விரல் கண்ணி நம்ம குப்பத்துல எவன் போடறான்? அது மடவை மீனுக்குப் போடறது. ஏரிக்கு அந்தாண்ட, மேக்கால கரை ஆளுங்க வெச்சிருப்பாங்க."

"மேக்கால கரைக்காரன் படகு ஏறி வந்து என் காரைத் தேச்சுட்டுப் போனானா மாமா?"

"அது எனக்கு இன்னா தெரியும்? வலை சொல்லுது, நான் சொல்றேன்."

நந்தினிக்கு அதற்கு மேல் விசாரிக்க நேரமில்லை. மணி பதினொன்று ஐந்து. எவன் செய்தான் என்று கீறல் சொல்லப் போவதில்லை. எவ்வளவு ஆழம் என்பதையாவது சொல்லட்டும்.

* * *

நகத்தை ஒரு கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டினாள். நகம் சிக்கவில்லை. அப்பாடா. மணலும் போடவில்லை, சாம்பலும் போடவில்லை. வெறும் வலை, வெறும் தண்ணீர். மெஷினுக்கு அடங்குகிற கீறல்தான்.

அடுத்து, பெயின்ட்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியை எடுத்தாள். கதவில் வைத்தாள். நூற்று இருபத்தொரு மைக்ரான். கூரையில் வைத்தாள். நூற்றுப் பதினெட்டு. பானெட்டில் வைத்தாள்.

தொண்ணூற்று இரண்டு.

மறுபடி வைத்தாள். தொண்ணூற்று ஒன்று.

"இன்னாடி, காய்ச்சலா?" என்றாள் கஸ்தூரியம்மாள், கருவியையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து.

"காய்ச்சல் எனக்குத்தான் வரும் போல. இந்த பானெட் ஏற்கெனவே ரெண்டு மூணு தடவை மெஷின் பட்டது அத்தே. மேல் பூச்சு பாதி தேஞ்சு போச்சு."

கார் பெயின்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். தலைமுடியை விட மெல்லிசு. பாலிஷ் போடுகிறவன் கீறலை அழிப்பதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கிற பூச்சைத் தேய்த்துக் குறைக்கிறான். குறைக்கக் குறைக்கக் கீறல் மறையும். அளவு தெரியாமல் குறைத்தால் பூச்சும் மறையும். இந்த பானெட்டில் எவனோ ஏற்கெனவே குறைத்து வைத்திருந்தான். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

நந்தினி மேஜை மேல் சாமான்களைப் பரப்பினாள். பேட் நாலு தினுசு. கறுப்பு, கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கலாம், அவ்வளவு மெத்து. ஆரஞ்சு நடுத்தரம். நீலம் கெட்டி. கடைசியாகக் கம்பளி, அது ஆடு இல்லை, புலி. காம்பவுண்டு மூன்று பாட்டில். மாமியாருக்குப் புரிகிற மாதிரி அவள் வைத்த பேர்: மைதா, ரவை, குருணை.

"நாலு பேட்டு, மூணு மாவு. எதுக்கு எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் பச்சைமுத்து.

"தெரியாது. கேட்டுப் பாக்கணும்."

"யாரை?"

"காரைத்தான்."

பானெட்டின் ஒரு மூலையில் டேப் ஒட்டி ஓரடிச் சதுரம் வகுத்தாள். பேட் நிதானமாக ஆடி ஆடிச் சுற்றும் சின்ன மெஷினை எடுத்தாள். முதலில் கறுப்பு பேட், மைதா. இருப்பதிலேயே சாதுவான ஜோடி. நாலு பொட்டு வைத்து, மெல்லப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் துடைத்து, டார்ச் அடித்தாள். கீறல் அப்படியே இருந்தது. முன்னை விடப் பளபளப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"கீறலுக்கு பவுடர் போட்டு வுட்டே," என்றார் பச்சைமுத்து.

இரண்டாவது, ஆரஞ்சு பேட், ரவை. பாதிக் கோடு போனது. பாதி நின்றது.

"கம்பளியைப் போடு மருமவளே! குருணையைக் கொட்டு! பத்தே நிமிஷம், படகுக்குப் பாசி சொரண்டற மாதிரி..."

நந்தினியின் கை கம்பளி வரை போனது. இல்லை என்று சொல்ல முடியாது. பத்து நிமிஷத்தில் கீறல் போகும். மணி பதினொன்றரை. மனம் அந்தப் பக்கம் இழுத்தது.

எத்தனை நம்பர் மிச்சம் இருக்கும்? எண்பது? எழுபத்தைந்து? இன்று பளபளக்கும். அடுத்த கோடை வெயிலில் பூச்சு உரிந்து சோறு ஒட்டின மாதிரி நிற்கும். டாக்டருக்கு அது யாருடைய வேலை என்று தெரியாது. அவளுக்குத் தெரியும்.

கையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பேட் அதே ஆரஞ்சு. மாவு மட்டும் குருணை. வேகம் குறைவு, அழுத்தம் குறைவு, ஆமை மாதிரி.

துடைத்துவிட்டு டார்ச் அடித்தாள். வலைக் கோடு ஒன்றுகூட இல்லை.

ஆனால் வேறு ஏதோ இருந்தது. மூடுபனி மாதிரி ஒரு மங்கல். உற்றுப் பார்த்தால் மயிர் மயிராகப் புதுக் கீறல், ஆயிரம் கீறல்.

"போச்சுடா," என்றார் பச்சைமுத்து.

"சும்மா இருங்க மாமா."

குருணைதான் காரணமா? பெயின்ட் அவ்வளவு மெத்தா? சோதித்துப் பார்க்காமல் பழி போடக் கூடாது. பக்கத்துச் சதுரத்தில் மாவை மாற்றாமல் பேட்டை மட்டும் மாற்றினாள். பார்சலைப் பிரித்து அதே ஆரஞ்சில் புதுசு ஒன்று. ஓட்டினாள். துடைத்தாள்.

கண்ணாடி. மேலே தொங்கிய குழல் விளக்கு உள்ளே தெரிந்தது.

அப்படியென்றால் குற்றவாளி பழைய பேட். நேற்று பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார்க் கதவு ஒன்றில் பழகிப் பார்த்துவிட்டு, வீட்டு பம்பில் நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்த பேட். கழுவி... எதில் கழுவினாள்?

நந்தினி பழைய பேட்டின் ஓரத்தை நாக்கில் வைத்தாள்.

"அடி ஆத்தே!" கஸ்தூரியம்மாள் தாவாங்கட்டையில் கை வைத்தாள். "நாக்குல வெச்சுப் பாக்கறா பாரு, கொழம்பா அது?"

"உப்பு அத்தே! நம்ம பம்பு தண்ணி! காஞ்சதும் உள்ள உப்பு பரல் பரலா நின்னுபோச்சு. நானே உப்புக் காகிதம் போட்டுத் தேச்சிருக்கேன்!"

மீஞ்சூரில் ஐந்து வருஷம் இப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. இங்கே ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். நடுவில் எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாது. பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும் கை பம்பைத்தான் அடித்தது. பேட்டை ஒரு சட்டைத் துணியாக நினைத்துவிட்டது.

கணக்குப் பார்த்தாள். பானெட்டும் இரண்டு ஓரங்களும் சேர்த்துப் பத்துச் சதுரம். இரண்டு சதுரத்துக்கு ஒரு பேட் அடைத்துக்கொள்ளும். ஐந்து வேண்டும். புதுசு இரண்டுதான் வந்திருந்தது. பழசு மூன்றும் உப்புக் கண்டம்.

"அத்தே, வீட்டுல கேன் தண்ணி எத்தனை இருக்கு?"

"இருக்குது ரெண்டு. எதுக்கு?" கஸ்தூரியம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஏய்! அது குடிக்கிறதுக்கு! நாளைக்குத்தான் வண்டி வரும். குடிக்கிற தண்ணியில கழுவறதுக்கு அது இன்னா உன் கொழந்தையா?"

"நாலு மணி வரைக்கும் ஆமா."

மாமியார் மருமகளைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். போய் இரண்டு கேனையும் கைக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டு வந்தாள். "தள்ளு. உப்புக் கழுவறது இன்னான்னு எனக்குத் தெரியும். கருவாட்டை ஊற வெச்சு உப்பு எடுக்கலியா நானு? ஒரே முட்டா ஊத்தக் கூடாது. கொஞ்சம் ஊத்திப் பிழியணும், மறுபடி ஊத்திப் பிழியணும்."

உட்கார்ந்து பிழிந்தாள். நாலாவது தடவை பிழிந்ததும் பேட்டை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பி, நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இப்ப சரி," என்றாள்.

பச்சைமுத்து சிரிக்கவில்லை. சிரித்தால் அவருக்கு மத்தியானச் சோறு இல்லை.

* * *

ஒரு மணிக்குக் கடற்காற்று எழுந்தது. அதோடு மணலும் எழுந்தது. ஒரே ஒரு மணல் பேட்டுக்கு அடியில் மாட்டினால் மறுபடி முதலிலிருந்து. "மாமா, வாசல்!" என்றாள் நந்தினி. பச்சைமுத்து நாலு கோணிச் சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிட்டு, ஓரத்தைத் தன் நண்டு வலையாலேயே இழுத்துக் கட்டினார். காற்று சாக்கில் மோதி மணலைக் கீழே போட்டுவிட்டுக் குளிர்ச்சியாக உள்ளே வந்தது.

"ஏசி," என்றார் பச்சைமுத்து பெருமையாக.

சதுரம் மூன்று. நாலு. ஐந்து. பேட்டை மாற்று, ஓட்டு, துடை, அள. தொண்ணூறு. எண்பத்தொன்பது. கம்பளி தின்றிருக்கக்கூடியதில் கால் பங்குகூடப் போகவில்லை. மெஷினின் சத்தம் ஒரே சுருதியில் ஓடியது. மாமியார் பிழிந்து தந்தாள், மாமா காற்றில் உதறித் தந்தார், அவள் ஓட்டினாள். ஓரங்களுக்கு டேப் ஒட்டி மெஷினை விலக்கி, விரலால் தேய்த்தாள். நேரம் போனது தெரியவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு யாரும் பின்னால் நின்று 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. இடையில் கஸ்தூரியம்மாள் இறால் தொக்கும் சோறும் பிசைந்து அவள் வாயில் ஊட்டிவிட்டாள். கை காரில் இருந்தது.

ஏழாவது சதுரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பானெட் விளிம்பின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து நின்றது. காம்பவுண்டு இல்லை, அவள் இன்னும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. விரலில் எடுத்துத் தேய்த்தாள். எண்ணெய்ப் பசை. காலையில் கழுவும்போதுகூட நுரைத் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய் மிதந்தது. அவசரத்தில் விட்டுவிட்டாள். இப்போதும் அவசரம்தான். துடைத்து எறிந்துவிட்டு எட்டாவதுக்குப் போனாள்.

கடைசியாகக் கறுப்பு பேட், மைதா. காலையில் தோற்றுப்போன அதே ஜோடி. இப்போது அதற்கு வேலை இருந்தது. மேலோடு மேலாக ஒரு சுற்று ஓட, கறுப்பு கிணறு மாதிரி ஆழமாக இறங்கியது.

மூன்று நாற்பது. டார்ச்சை எந்தப் பக்கம் அடித்தாலும் டார்ச் மட்டும்தான் தெரிந்தது.

பச்சைமுத்து பானெட்டில் குனிந்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். "கைகாரிதான் மருமவளே நீ."

"டாக்டர் கிட்ட சொல்லிடப் போறேன்," என்றாள் நந்தினி.

"இன்னான்னு?"

"நான் இல்லாத நேரத்துல யாரோ வலையால தேச்சுட்டாங்க, நான்தான் சரி பண்ணேன்னு."

கஸ்தூரியம்மாள் பிழிந்துகொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஒண்ணுமே தெரியல. எதுக்கு வாயைக் குடுக்கறே?"

"பானெட் மெல்லிசு அத்தே. இன்னொரு கடையில கம்பளியைப் போட்டான்னா போயிரும். அதைச் சொல்லணும். அதைச் சொன்னா ஏன் மெஷின் போட்டேன்னு கேப்பாரு. அப்ப இதையும் சொல்லணும்."

"சொன்னா ரெண்டாவது கார் வராதுடி."

"வராது," என்றாள் நந்தினி. மெஷின் ஒயரைச் சுருட்டினாள்.

* * *

டாக்டர் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். நனைந்த சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் நேராக பானெட் முன்னால் போய் நின்றார். காலையில் நின்ற அதே இடம். குனிந்தார். தலையைச் சாய்த்து ஓரப் பார்வையாகப் பார்த்தார், பல்லைப் பார்க்கிற மாதிரி. அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது.

"எல்லாம் போயிடுச்சே," என்றார் மெதுவாக.

நந்தினிக்கு அந்த வார்த்தை சரியாக ஏறவில்லை. அவள் தன் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலையில கழுவி வெச்சுட்டு மீஞ்சூர் போனேன். வர்றதுக்குள்ள யாரோ வலையால தேச்சு பானெட் பூரா கீறல். யாருன்னு தெரியல. ஆனா என் கொட்டகையில நடந்துச்சு, அதனால என் தப்புதான். மெஷின் போட்டுச் சரி பண்ணிட்டேன். பூச்சு ஏற்கெனவே மெல்லிசா இருந்துச்சு, அளந்து அளந்துதான் பண்ணேன். இன்னொரு தடவை தாங்கறது கஷ்டம். அந்தக் கிறுக்கன் மட்டும் கையில கெடச்சான்னா..."

டாக்டர் கையை உயர்த்தினார். அவர் சிரிப்பதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மூன்று பேர் பார்த்தார்கள்.

"உங்க ஆளுங்க யாரையும் திட்டாதம்மா. கீறல் இங்க விழல. வரும்போதே இருந்துச்சு."

"இல்ல சார், நான் டார்ச் அடிச்சுப் பாத்தேன்..."

"பாத்திருப்பே. தெரிஞ்சிருக்காது. கீறலுக்குள்ள போய் ரொப்பிக்கிற மாதிரி ஒரு கிரீம் விக்கிறான் இல்ல? வாரா வாரம் அதைப் பூசித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். நீ நல்லா நுரை போட்டுக் கழுவுனே, அது போயிடுச்சு. காஞ்சதும் கீறல் எழுந்துக்கிச்சு."

வானவில் எண்ணெய். இடுக்கில் வெள்ளை. நந்தினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாமே சார்!"

"மெட்ராஸ்ல மூணு கடையில சொன்னேன். மூணு பேரும் கம்பளியைப் போட்டுத் தேச்சாங்க. மூணு பேரும் முதல்ல கேட்டது ஒரே கேள்வி. எந்தக் கிறுக்கன் சார் இப்படித் தேச்சான்னு." டாக்டர் பானெட்டில் விரலை வைத்தார், எடுத்தார். "அந்தக் கேள்வியை நாலாவது தடவை கேக்க இஷ்டமில்ல. அதான் சொல்லல."

நந்தினிக்குக் காது சுட்டது. காலையிலிருந்து அதே வார்த்தையை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்?

"இனிமே இந்தக் கார் உங்கிட்டதாம்மா," என்றார் அவர். "ஒவ்வொரு வியாழக்கிழமையும்."

கஸ்தூரியம்மாள் பச்சைமுத்துவின் விலாவில் இடித்தாள்.

"வாரா வாரம் மெஷின் தாங்காது சார்," என்றாள் நந்தினி, சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு. "தேய்க்கிறவரை முதல்ல நிறுத்தச் சொல்லணும்."

"நிறுத்த முடியாது."

"ஏன் சார்?"

"முடியாதும்மா."

அவர் சொன்ன விதத்தில் அதற்கு மேல் வழக்காட ஒன்றுமில்லை. நந்தினி யோசித்தாள். மேஜைக்குப் போய்ப் பார்சலைத் துழாவி, இன்னும் உறை பிரிக்காத கறுப்பு பேட் ஒன்றை எடுத்து வந்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கலாம், அவ்வளவு மெத்து.

"அப்ப அவரு தேய்க்கட்டும்னு விட்டுடுங்க. வலைக்குப் பதிலா இதைக் குடுங்க. தண்ணி நிறைய ஊத்திக்கிட்டு எவ்வளவு வேணா தேய்க்கலாம், கோடு விழாது. ஆனா நல்ல தண்ணி, உப்புத் தண்ணி இல்ல. கையில மாட்டிக்கிற மாதிரி பின்னாடி ஒரு பட்டி தெச்சுத் தரேன். யாரு சார் அவரு? கை பெருசா, சின்னதா?"

டாக்டர் பேட்டை வாங்கினார். அதன் மேல் இரண்டு விரலைச் சேர்த்து வைத்தார், கண்ணி அளக்கிறவன் வைக்கிற மாதிரி அச்சாக. பச்சைமுத்து அந்த விரல்களையே பார்த்தார். அவருக்கு முதலில் விளங்கியது.

"மேக்கால கரை," என்றார் பச்சைமுத்து மூச்சோடு.

"ஆரம்பாக்கம் பக்கம்," என்று தலையாட்டினார் டாக்டர். இவ்வளவு நாள் மெட்ராஸ் பேச்சுப் பேசிய வாய் சட்டென்று ஏரிக்கரைக்கு இறங்கியது. "வேற கரைத் தண்ணிக்குப் போற படகுக்கு அணியத்தைத் தேச்சு வுடாம அனுப்ப மாட்டாங்க எங்க வூட்டுல. நான் வியாழக்கிழமை இந்தாண்ட கரைக்கு வர்றேன்ல? அதனால புதன்கிழமை சாயங்காலமானா வலையை எடுத்துக்கினு மெட்ராஸ் வூட்டு மாடியில இருந்து காராண்ட இறங்கி வந்துடுவாரு. கை பெருசுதாம்மா. பெரிசாவே தெச்சுக் குடு. அது எங்க நைனா."